நாணயமும் விசுவாசமும்

"யோக்கியன் வர்றான், செம்பை எடுத்து உள்ளே வை." திண்ணையும் போய், திண்ணையில் தண்ணீர்ச் செம்பு வைக்கிற வழக்கமும் போய்விட்டது. பழமொழி மட்டும் எங்கள் பக்கத்தில் நன்றாக உயிரோடு இருக்கிறது. யோக்கியன் என்ற சொல்லை நேர்ப்பொருளில் யாரும் சொல்லி நான் கேட்டு வெகுகாலம் ஆகிறது. ‘பெரிய யோக்கியன்’ என்றால் திருடன் என்று அர்த்தம். உத்தமனுக்கும் இதே கதிதான். அரிச்சந்திரனையே விடவில்லை, "அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடு" என்று சிரிக்கிறோம். நல்ல குணத்தைச் சொல்லும் சொற்களுக்கு நம்மிடம் ஆயுசு குறைவு. ‘நேர்மை’ கொஞ்சம் தப்பித்திருக்கிறது என்றால், அது பெரும்பாலும் மேடையிலும் சுவரொட்டியிலும் குடியிருப்பதால்தான். களத்துமேட்டில் நின்று பேசுகிற யாரும் "அவர் நேர்மையானவர்" என்று சொல்வதில்லை.

"ஆளு நாணயம்" என்பார்கள். அவ்வளவுதான். அதற்கு மேல் விசாரிக்க வேண்டாம் என்று பொருள். அந்த ஆளுக்கு உரக்கடையில் அறுப்பு வரை கடன் உண்டு, அவசரத்துக்குக் கைமாற்று உண்டு, பெண் கேட்டுப் போனால் உட்காரச் சொல்லிக் காபி உண்டு.

‘நா நயம்’தான் நாணயம் ஆயிற்று என்று பட்டிமன்றத்தில் பிரித்துக் காட்டுவார்கள். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் சொல் வந்த வழி வேறு. வடமொழியில் காசுக்கு நாணகம் என்று பெயர், அதிலிருந்து வந்தது. காசைக் குறித்த சொல் எப்படியோ காசு விஷயத்தில் ஒழுங்காக இருப்பவனையும் குறிக்கத் தொடங்கி, இரண்டு பொருளிலும் இன்றுவரை புழங்குகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், காசின் தகுதியைக் காசே சொல்லிக்கொள்ள முடியாது. தட்டிப் பார்த்து, நிறுத்துப் பார்த்துச் சொல்ல இன்னொருவர் வேண்டும். பழந்தமிழில் அந்த வேலை பார்த்தவர்களுக்கு வண்ணக்கர் என்று பெயர். மனிதர் விஷயமும் அப்படித்தான் புழங்குகிறது. "நான் நல்லவன்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டால் சிரிப்போடு விட்டுவிடுவோம். "நான் நாணயமானவன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்குக் கடன் கொடுக்கிற மளிகைக்கடைக்காரர் டெல்டாவில் இருக்கிறார் என்றால் எனக்கு முகவரி வேண்டும்.

இந்தச் சொல் நக்கலுக்குப் பலியாகாமல் தப்பியதற்குக் காரணமும் இங்கேதான் இருப்பதாக நினைக்கிறேன். அது மனசைப் பற்றிப் பேசுவதில்லை. அளவு, தேதி, தொகை, சொன்ன வார்த்தை என்று சரிபார்க்கக்கூடிய விஷயங்களைப் பற்றி மட்டும் பேசுகிறது.

கும்பகோணம் பக்கத்தில் வெற்றிலை எண்ணுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கவுளி என்றால் நூறு வெற்றிலை. எண்ணுகிற அம்மாளின் கண் வேறெங்கோ இருக்கும், வாய் பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். விரல்கள் மட்டும் காம்பைப் பிடித்து அடுக்கிக்கொண்டே போகும். கிழிந்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் தானாக ஒதுங்கிவிடும். வாழைநாரால் ஒரு சுற்று, கட்டு தயார். வாங்குகிறவர் யாரும் பிரித்து எண்ணுவதில்லை. எண்ணினால் அது வசவுக்குச் சமம். அந்த அம்மாளை யாரும் ‘நாணயஸ்தர்’ என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியதும் இல்லை.

நெல் அளப்பது இதைவிடச் சிக்கல். எடைத் தராசும் நாற்பது கிலோ சாக்கும் வருவதற்கு முன்னால் எல்லாமே மரக்கால்தான். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். தஞ்சாவூர்ப் பக்கம் சின்ன மரக்கால் கணக்கில் இருபத்துநாலும் ஒரு கலம் என்பார்கள். குழப்பம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. அளக்கிறவர் குந்தி உட்கார்ந்து முதல் மரக்காலை அள்ளும்போது ‘ஒன்று’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். "லாபம்... லாபம்... லாபம்..." என்று அடுத்த மரக்கால் விழும்வரை சொல்லிக்கொண்டே இருப்பார். பிறகு "ரெண்டே... ரெண்டே..." சத்தமாகச் சொல்வது கணக்கு விட்டுப்போகாமல் இருக்க மட்டும் இல்லை, சுற்றி நிற்கிற எல்லோரும் கூடவே எண்ணிக்கொள்ளட்டும் என்பதற்கும்தான்.

எண்ணிக்கையில் ஏமாற்ற முடியாது, சரி. மரக்காலுக்குள் ஏமாற்றலாம். நெல்லை உயரத்திலிருந்து கொட்டினால் நெருங்கி உட்காரும், நிறையப் பிடிக்கும். மெதுவாகச் சரித்தால் பொலபொலவென்று நிற்கும், குறைவாகப் பிடிக்கும். காலால் லேசாக ஒரு தட்டு தட்டினால் உள்ளே இறங்கி இன்னொரு பிடிக்கு இடம் விடும். தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்பது வேறு கதை. குத்தகை நெல் வாங்குவதற்குப் பெரிய மரக்கால், கூலி அளப்பதற்குச் சின்ன மரக்கால் என்று இரண்டு வைத்திருந்த வீடுகளைப் பற்றி எல்லா ஊரிலும் கதை உண்டு. எனக்கென்னவோ இரண்டு மரக்கால் வைத்திருந்தவர் கொஞ்சம் விவரம் போதாதவர் என்றே தோன்றும். கை பழகியவருக்கு ஒன்றே போதும்.

இதே மண்ணில்தான், காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில், கடை வைத்திருந்தவர்களைப் பற்றிப் பட்டினப்பாலை சொல்கிறது:

நெடுநுகத்துப் பகல்போல
நடுவுநின்ற நன்னெஞ்சினோர்
வடுஅஞ்சி வாய்மொழிந்து
தமவும் பிறவும் ஒப்ப நாடிக்
கொள்வதூஉம் மிகைகொளாது
கொடுப்பதூஉம் குறைகொடாது

பகல் என்பது நுகத்தடியின் நட்டநடுவில் அடித்த ஆணி. அது அரை விரல் தள்ளிப்போனாலும் ஒரு மாட்டின் கழுத்தில் பாரம் கூடிவிடும். ஏர் பூட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் நின்று பார்ப்பது ‘வடு அஞ்சி’ என்ற இடத்தில். பழி வந்துவிடுமே என்ற பயத்தில் உண்மை பேசினார்கள் என்கிறார் உருத்திரங்கண்ணனார். பிறவியிலேயே உத்தமர்கள் என்று புகழவில்லை. அடுத்த கப்பலுக்கும் அதே ஆட்களோடு வியாபாரம் இருக்கிறதே என்ற கணக்கும் அதில் இருக்கிறது. கவிஞருக்கு அது கௌரவக் குறைவாகத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பயம் மட்டும் போதாது, அளவும் வேண்டும் என்று சோழர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்னையும் நகையையும் எந்தக் கல்லால் நிறுத்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறார்கள். பொன்னுக்கு ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல், மணி பதித்த நகைகளுக்குத் ‘தட்சிணமேருவிடங்கன்’. நெல் அளக்கும் மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். ஆடவல்லான் என்றால் கூத்தாடும் சிவன். சாமி பெயர் போட்ட மரக்காலைக் காலால் தட்டி அளக்க யாருக்குக் கால் வரும்? வந்திருக்கும், அது வேறு விஷயம். வராது என்ற நம்பிக்கையில் மட்டும் அவர்கள் விடவில்லை என்பதுதான் முக்கியம். கல்லில் வெட்டி வைத்தார்கள். ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்து, நாளும் உழக்கு நெய் என்று ஏற்பாடு. அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். ஆடு சாகும், கிழடாகும். கணக்கில் உள்ள தொண்ணூற்றாறு சாகாது, கிழடாகாது. குட்டி ஈனும்போது நிரப்பிக்கொள்ள வேண்டியது இடையர் பொறுப்பு. நோய் வந்து மந்தையே விழுந்த வருஷத்தில் அந்த இடையர் என்ன செய்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. தொண்ணூற்றாறு என்பதோடு அது நின்றுவிடுகிறது.

உத்தரமேரூர் நம் டெல்டா இல்லை, காஞ்சிபுரத்துப் பக்கம். ஆனால் ராஜா நம்ம ஊர் ராஜா என்பதால் உரிமையோடு இழுத்துக்கொள்கிறேன். பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் எழுதப்பட்ட அந்தக் குடவோலைக் கல்வெட்டுகளில் ஊர்க் காரியம் பார்க்கிற குழுவான வாரியத்துக்கு வரக்கூடியவர் ‘அர்த்த சௌசமும் ஆத்ம சௌசமும்’ உடையவராக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. சௌசம் என்றால் சுத்தம். பொருளில் சுத்தம், உள்ளத்தில் சுத்தம். "கை சுத்தமான ஆளு" என்று இன்றைக்குப் பஞ்சாயத்து போர்டில் சொல்கிறோமே, ஏறக்குறைய அதே பேச்சு, ஆயிரத்து நூறு வருஷம் முன்னால். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சொந்தக்காரர்களின் பெயரும் குடத்தில் விழக்கூடாது. சிற்றப்பன் பெரியப்பன் மக்கள், மாமன், மைத்துனன் என்று பட்டியல் நீளுகிறது. யாரோ நன்றாக அடிபட்ட பிறகு எழுதிய விதிகள் என்று படித்தாலே தெரியும்.

இதுவரை எல்லோரும் பெருமையாகச் சொல்கிற கதை. அதே கல்வெட்டில் இந்தச் சுத்தங்களுக்கு முன்னால் இன்னொரு தகுதியும் நிற்கிறது. கால் வேலிக்கு மேல் இறை கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். நிலம் இல்லாதவரின் கை எவ்வளவு சுத்தம் என்று பார்க்க அந்தக் குடத்துக்கு அவசியமே ஏற்படவில்லை.

நாணயம் என்ற சொல்லும் எங்கள் ஊரில் அப்படித்தான் புழங்கியது. மிராசுதாருக்கு நாணயம் உண்டு, செட்டியாருக்கு உண்டு, குத்தகைதாரருக்கும் ஓரளவு உண்டு. வாய்க்கால் கரைக்கு அந்தப் பக்கம் குடிசையில் இருந்த பண்ணையாளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லி நான் சின்ன வயதில் கேட்டதே இல்லை. அவருக்கு வேறு சொல் வைத்திருந்தோம். விசுவாசம். "அவன் அப்பன் காலத்துலேருந்து நம்ம வீட்டுக்கு விசுவாசமா இருக்கான்." நாணயம் இரண்டு பக்கமும் ஓடும், நீ சொன்ன தேதியில் நான் சொன்ன நெல். விசுவாசம் கீழேயிருந்து மேலே மட்டும் போகும். முழு அறுவடையையும் களத்தில் காவல் காத்து, ஒரு பதக்கு குறையாமல் பத்தாயத்தில் சேர்த்த ஆள், ஒரு நல்ல நாளில் ஐம்பது ரூபாய் கடன் கேட்டால் கொடுத்த பணமாக அது எழுதப்படாது. அவரையே எழுதிக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

1952ல் தஞ்சாவூருக்கென்றே சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அது விசுவாசத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கூலி எவ்வளவு, யாரை எப்போது நீக்கலாம், நீக்கக்கூடாது என்று பேசியது. பெரிய வீடுகளில் அதற்குப் பொங்கிய கோபத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "இத்தனை நாள் நாணயமாத்தானே கொடுத்துக்கிட்டிருந்தோம்" என்பார்கள். கொடுத்தவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. அளந்து கொடுத்தவர் தானே தன் நாணயத்துக்குச் சாட்சி சொல்லிக்கொண்டதுதான் சிக்கல். வாங்கியவரை யாரும் கேட்கவில்லை.

கேட்டபோது என்ன நடந்தது என்பதற்குக் கீழ்வெண்மணி இருக்கிறது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்றார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் நாற்பத்துநான்கு பேர் எரிக்கப்பட்டார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். வழக்கு மேலே போனபோது, குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலக்காரர்கள், கார்கூட வைத்திருப்பவர்கள், அப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர் துணைகூட இல்லாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்பக் கடினமாக இருக்கிறது என்ற ரீதியில் உயர் நீதிமன்றம் சொல்லி விடுவித்தது. நிலமும் காரும் இருந்ததே நன்னடத்தைச் சான்றிதழாகிவிட்டது. மனுநீதிச் சோழன் கதை சொல்லும் கல்தேர் இருக்கிற திருவாரூர் அங்கிருந்து தூரமில்லை. கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட கதையை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். வெண்மணியைப் படிக்கவில்லை.

கொஞ்சம் இலேசான விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீர். மேட்டூரில் தண்ணீர் குறைந்து முறை வைத்து விடுகிற வருஷங்களில் எங்கள் ஊர் நாணயஸ்தர்கள் எல்லோருக்கும் ராத்திரியில் ஒரு தனி சுபாவம் வந்துவிடும். பகலில் பத்து ரூபாய் மீதியைத் தேடி வந்து கொடுக்கிற மனிதர், இரவு பன்னிரண்டு மணிக்கு மண்வெட்டியோடு போய் அடுத்தவர் முறையில் தன் மடையைத் தட்டிவிட்டு வருவார். வைக்கோலும் சேறுமாக அணைத்திருந்த இடத்தில் ஒரு வெட்டு, தண்ணீர் சத்தம் வராமல் இருக்கக் கால் வைத்து ஒரு மிதி. விடிந்ததும் திருநீறு பூசிக்கொண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை நாணயம் கெட்டவர் என்பதில்லை. "வெவரமான ஆளு" என்பார்கள். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கரைத் திட்டுவார்கள், கர்நாடகாவைத் திட்டுவார்கள். கர்நாடகாவைப் பற்றி நாம் சொல்கிற அதே வார்த்தைகளைக் கடைமடைக்காரர் நம்மைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், காதில் விழாது. தண்ணீருக்கு மரக்கால் இல்லை, முதல் மடையில் "லாபம், லாபம்" என்று சத்தம் போட்டு எண்ண ஆள் இல்லை.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது என்று கஜா காட்டியது. 2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு என்று தென்னந்தோப்புகளைப் படுக்க வைத்துவிட்டுப் போனது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால், வைத்த கன்று காய்க்க ஐந்தாறு வருஷம். என் மனைவியின் சிற்றப்பா அந்தப் பக்கம். வாழ்நாளில் உரக்கடைத் தேதி தவறாதவர். புயலுக்குப் பிறகு கடைத்தெருவில் நடப்பதையே நிறுத்திவிட்டார். பஸ் ஏறக்கூடக் குளத்துக்கரை வழியாகச் சுற்றிப் போவார். நாணயம் தப்பினவன் என்று யாரும் சொல்லவில்லை, அவரே முடிவு கட்டிக்கொண்டார். கொடுக்க மனமில்லாதவனுக்கும் கொடுக்க வழியில்லாதவனுக்கும் இந்தச் சொல்லில் வேறுபாடு கிடையாது. தொண்ணூற்றாறு ஆடு என்றால் தொண்ணூற்றாறுதான்.

நான் போயிருந்தபோது கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, ஒங்க மாமாட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. பணத்துக்கு ஒண்ணுமில்ல, வரும்போது வரட்டும். கடைப்பக்கம் வந்து ரெண்டு நிமிஷம் ஒக்காந்துட்டுப் போகச் சொல்லுங்க. மூஞ்சியக் காட்டாம சுத்திப் போறாரு பாருங்க, அதுதான் கஷ்டமா இருக்கு." சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த ஆடியில் ஊரில் நடந்த மொய் விருந்துக்கும் போகவில்லை. அந்தப் பக்கத்து மொய் விருந்து என்பது வட்டியில்லாக் கடன் மாதிரி. செய்ததெல்லாம் நோட்டில் இருக்கும், அவர்கள் விருந்து வைக்கும்போது கூடப் போட்டுத் திருப்ப வேண்டும். நோட்டில் அவர் பெயரும் இருந்தது.

இப்போது அந்த உரக்கடைக்காரரின் மகன் உட்கார்ந்திருக்கிறார். டிராக்டர் லோன் கேட்கிற பையன்களிடம் "ஆளு எப்படி?" என்று யாரும் விசாரிப்பதில்லை. "சிபில் எவ்வளவு?" என்கிறார்கள். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினவரா என்று சொல்ல, முந்நூறிலிருந்து தொள்ளாயிரத்துக்குள் ஒரு எண். அதற்குச் சாதி தெரியாது என்று ஒரு நண்பர் வாதாடுவார், பாதி ஒத்துக்கொள்கிறேன். அதற்குக் கஜாவும் தெரியாது.

இதில் நான் எதிர்பார்க்காத மாற்றம் வாய்க்கால் கரைக்கு அந்தப் பக்கம் நடந்தது. பெண்கள் குழுக் கடன். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வாங்குவது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்ட வேண்டும், வாரம் தவறாமல் தவணை. வட்டியும் வசூல் முறையும் சரியா என்பது தனிக் கட்டுரைக்கான சண்டை. ஆனால் அந்தத் தெருவுக்குள் முதல்முறையாக, யார் நாணயம், யார் இல்லை என்ற பேச்சு அந்தத் தெருக்காரர்கள் வாயிலேயே வந்திருக்கிறது. எங்கள் நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வருகிற அக்காதான் ஒரு குழுவுக்குத் தலைவி. அவருடைய அம்மா என் அப்பாவை ‘ஆண்டே’ என்று கூப்பிட்டவர். இவர் என்னைத் ‘தம்பி’ என்கிறார்.

இந்தச் சம்பாவுக்கு நடவு பேசப் போனபோது வாசலில் நாற்காலி போட்டார். கூலி பேசி முடித்த பிறகு கேட்டார்: "சாயங்காலமே குடுத்துருவீங்கல்ல தம்பி? வியாழக்கிழம எங்களுக்குக் கட்டு இருக்கு."

"என்னக்கா, நான் எப்ப இழுத்தேன்?"

"நீங்க இழுக்கல. போன வருஷம் ஒங்க பங்காளி வீட்டுல நாளைக்கி நாளைக்கின்னு நாலு நடை நடக்க வுட்டாங்க. கையக் கடிச்சுப் போச்சு. அந்த வீட்டுக்கு இந்த வருஷம் ஆளு வராதுன்னு சொல்லிட்டோம்."

பங்காளி வீட்டார் மூன்று தலைமுறையாக ஊரில் நாணயஸ்தர்கள். கோயில் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது. இப்போது அவர்கள் நடவுக்கு வடமாநிலப் பையன்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் அக்கா பாதிக் கூலியை முன்பணமாகக் கேட்டார். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் யாரும் எங்கள் வீட்டில் முன்பணம் கேட்டதில்லை. கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை நாற்றுப் பறிக்க வருகிறார்கள்.